முகம் மறைக்கும் பிரிவு

...நாய்க்கும் கட்டம் போட்டு வைத்திருக்கிறது பார், நாய்க்கு என்ன அந்தரங்கம், தெருவில் படுத்துத் தூங்குகிற ஜீவன், அதன் மூக்கு தெரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம், ஆனால் அதற்குப் பக்கத்திலேயே குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருக்கிற ஆளைக் கோட்டை விட்டுவிட்டது, பக்கவாட்டில் திரும்பினால் அது முகமே இல்லை என்று இந்தக் கம்ப்யூட்டருக்கு யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ, சரி, நாயின் கட்டத்தை எடு, ஆளுக்குப் போடு, அவர் நிமிர்ந்து மூக்கைச் சொறிந்து நடந்து போகிற வரைக்கும் கட்டத்தை அவர் கூடவே நகர்த்து, ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம், பத்து விநாடிக்கு இருநூற்றைம்பது, இதைத்தான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு 'கம்ப்யூட்டரே எல்லாத்தையும் பார்த்துக்கும், நீங்க சும்மா ஒரு தடவை சரிபார்த்தா போதும்' என்று சொன்னார்கள். சும்மா. மணி இரண்டு பத்து. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி மேசைக்குக் கீழே வைத்தாயிற்று, கண்ணுக்கு மருந்து விட்டாயிற்று, இந்தச் செருப்பு ஆளையும் முடித்துவிட்டால் அப்புறம் அந்தக் கோப்பைத் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. ஐந்து மணிக்குள் முடித்தாக வேண்டும். அது முப்பதாம் நாள் கோப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில் ஒரு கம்பம் விடாமல் கேமரா மாட்டினார்கள், கடைத்தெரு, பஸ் நிறுத்தம், பூங்கா, ரயில் மேம்பாலம், ஒன்றும் பாக்கியில்லை. ஜனங்கள் முணுமுணுத்தார்கள், பேப்பரில் இரண்டு பேர் எழுதினார்கள், எங்களை எதற்கு இருபத்து நாலு மணி நேரமும் முறைத்துப் பார்க்கிறீர்கள் என்று. உடனே அரசாங்கம் ஒரு கொள்கை வெளியிட்டது, பதினேழு பக்கம், அதில் ஜனங்களைச் சமாதானப்படுத்துவதற்கென்று மூன்றே மூன்று வரி. எந்தப் பதிவும் முப்பது நாளைக்கு மேல் இருக்காது, தானே அழிந்துவிடும். தான் தெரிகிற பதிவை யார் வேண்டுமானாலும் விண்ணப்பம் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்படிக் கொடுக்கும்போது அதில் இருக்கிற மற்றவர்களின் முகம் மறைக்கப்படும். அந்த மூன்று வரியைக் காப்பாற்றுவதற்காகத்தான் இந்தப் பிரிவில் நான்கு பேரை எடுத்தார்கள், ஒருத்தர் கண் கெட்டுப்போகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், இன்னொருத்தர் எழுதிக்கூடக் கொடுக்காமல் போனார், மிச்சம் நானும் ஜன்னலோரத்து மேசைக்காரியும், அவளும் இன்றைக்கு லீவு. ஊரில் எட்டாயிரம் கேமரா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறது, பார்த்ததையெல்லாம் மூடி மறைக்க இன்றைக்கு நான் ஒருத்தி. சிரிப்பு வரவேண்டிய இடம்தான், ஆனால் மதியம் இரண்டு மணிக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எத்தனை முகம் பார்த்திருப்பேன் இந்த இரண்டு வருஷத்தில், லட்சம் இருக்குமா, இருக்கும், ஒன்றுகூட ஞாபகமில்லை, பார்ப்பதே மறைப்பதற்காக என்றால் எப்படி ஞாபகம் இருக்கும். பஸ்ஸில் எதிரில் உட்கார்ந்திருக்கிறவர் கொட்டாவி விட்டால் என் ஆள்காட்டி விரல் தானாகத் துடிக்கிறது, நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு கட்டம் இழுக்கச் சொல்லி. வீட்டில் இவரிடம் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து இவருக்கு அது ஒரு வேடிக்கை, நான் கோபமாக இருந்தால் இரண்டு கையாலும் மூஞ்சியை மூடிக்கொண்டு 'மறைச்சாச்சு, இப்பத் திட்டு' என்பார். எங்கள் வேலையில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் புரியவும் புரியாது. விண்ணப்பம் போட்டவர் முகத்தை மட்டும் நாங்கள் பார்ப்பதே இல்லை. அடையாள அட்டையை வைத்து அவர்தானா என்று கீழே முன்பிரிவில் சரிபார்த்து, அவர் முகத்துக்குப் பச்சைக் கட்டம் போட்டுப் பூட்டி அனுப்பிவிடுவார்கள். பச்சை என்றால் தொடாதே. தொட வேண்டாத முகத்தில் எதற்குக் கண்ணை வைப்பது, கண் தானாகவே அதைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய்விடும். சாலை விபத்துக்காரர், பர்ஸ் தொலைத்தவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்ட நேரத்தை நிரூபிக்க வந்த அப்பா, யார் முகமும் எனக்குத் தெரியாது.

ஆனால் இந்த அம்மாவைத் தெரியும், நேரில் வந்துவிட்டதால். பத்து நாளைக்கு முன்னால், இரண்டாவது மாடி வரைக்கும் ஏறி, மூச்சு வாங்க, கையில் விண்ணப்பத்தோடு. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர், ஐம்பது ஐம்பத்திரண்டு இருக்கும், கடைச் சட்டையைக் கழற்றாமல் அப்படியே வந்திருந்தார், பையில் பேனா. கீழே ஏதோ ஒரு கட்டம் நிரப்பவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். என்ன கட்டம் என்று வாங்கிப் பார்த்தேன், பதினோராவது, பதிவில் உடனிருக்கும் பிற நபரின் முகம் மறைக்கப்படாமல் வேண்டுமெனில் அவரது கையொப்பமிட்ட ஒப்புதல். 'கூட யாரும்மா?' 'எங்க வீட்டுக்காரர்.' 'அப்ப அவர்கிட்டயே ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்களேன்.' கேட்டிருக்கவே வேண்டாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே. அந்த அம்மா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, கடையில் மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வாரே அந்தக் குரலிலேயே, அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஸ்டேஷனுக்குப் போனோம், அவர் லிஃப்ட் மெக்கானிக், சாயங்காலம் வேலை பார்க்கிற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, அந்த மேம்பாலப் படியில் ஏறினதைப் பார்க்கணும், அவ்வளவுதான் என்றார். நான்தான் விளக்க வேண்டியிருந்தது, அவர் முகம் தெரியாதும்மா, உங்க முகம் மட்டும்தான் தெரியும், விதி அப்படி. அதற்கும் அந்த அம்மா, 'பரவால்ல மேடம், எப்படிக் குடுத்தாலும் சரி' என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். எப்படிக் கொடுத்தாலும் சரி. அந்தச் சொல்தான் பத்து நாளாக என் மண்டையைக் குடைகிறது. புருஷனோடு கடைசியாக நடந்த நடை, அதில் புருஷனுக்கு மூஞ்சி இருக்காது, ஒரு மங்கலான வட்டம் படியேறி வரும், அதைக்கூடப் பரவாயில்லை என்று வாங்கிக்கொள்கிற அளவுக்கு ஒரு மனுஷியை ஆக்கிவைத்திருக்கிறோமே என்று எனக்கு எரிச்சல்.

அன்றைக்கே சுற்றறிக்கையிடம் போய் நின்றேன். எங்கள் பிரிவு அலுவலருக்கு நானும் ஜன்னலோரக்காரியும் வைத்த பேர் அது, மனிதர் தும்மினால்கூட நாளும் எண்ணும் போட்டுத்தான் தும்முவார். 'சார், செத்துப்போனவர் எப்படி சார் ஒப்புதல் தருவாரு?' கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'விதியில பிற நபர்னுதான் இருக்கு. உயிரோட இருக்கற பிற நபர்னு இல்லையேம்மா.' 'அதுக்காக...' 'மேல எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வரட்டும்.' பதில் வருவதற்குள் முப்பது நாள் ஓடிவிடும், அது அவருக்கும் தெரியும், அந்த முப்பது நாளைக் கண்டுபிடித்ததே ஜனங்களுடைய நன்மைக்குத்தான் என்பதும் தெரியும். இன்றைக்கு மறுபடியும் கேட்டேன், ஒரு மணிக்கு, அவர் மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது. கதவைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், 'எனக்குத் தெரியாம எதுவும் பண்ணிடாதீங்கம்மா' என்றார். இதற்கு என்ன அர்த்தம்? பண்ணாதே என்றா, எனக்குத் தெரியாமல் பண்ணிக்கொள் என்றா? பதினாறு வருஷம் சுற்றறிக்கை எழுதினவர், இரண்டு பக்கமும் பிடி கொடுக்காமல் ஒரு வாக்கியத்தை எப்படி அமைப்பது என்று அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும். மாட்டிக்கொண்டால் நான்தான், அவர் இல்லை. மாட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள், எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் இவருடைய சம்பளம் வீட்டு வாடகைக்கே சரியாகப் போகிறது. இருந்தாலும் காலையில் பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன், இந்த ஒரு முகத்தை மறைக்கப் போவதில்லை.

சரி, திற. மேம்பாலம், கேமரா பதினான்கு, காலை எட்டு ஐம்பத்திரண்டு. கேமரா படிக்கட்டின் உச்சியில் இருந்து கீழே பார்க்கிறது, ஏறி வருகிற எல்லார் முகமும் தெரியும், திருட்டுப் பிடிக்க வசதியான இடம். மொத்தம் நாற்பத்தேழு விநாடி. வழக்கம்போல முதல் தடவை ஓடவிட்டு முகங்களை எண்ணினேன், பதினொன்று, பச்சைக் கட்டம் போக. பள்ளிக்கூடப் பையோடு ஒரு சின்னப் பெண், செய்தித்தாளைச் சுருட்டி அக்குளில் வைத்திருக்கிற கிழவர், போன் பேசிக்கொண்டே வருகிற மூன்று பேர், தனித்தனியாக, ஆனால் மூன்று பேரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. பச்சைக் கட்டம் முன்னால் வேகமாக ஏறுகிறது, அதற்குப் பத்துப் படி பின்னால் நீலச் சட்டையில் ஒருவர், தோளில் கருவிப் பை. சேர்ந்து போனோம் என்றாரே என்று நினைத்தேன், பிறகு சிரித்துக்கொண்டேன், நானும் இவரும் சேர்ந்து போவது மட்டும் வேறு எப்படியாம், எனக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம், இவர் பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார், கேட்டால் ஒன்றாகத்தான் வந்தோம் என்போம். பத்து முகத்தை முடிப்பதற்கே மூன்றே முக்கால் ஆகிவிட்டது. சின்னப் பெண் தலையை ஆட்டி ஆட்டி ஏறுகிறாள், அவள் பின்னாலேயே கட்டத்தை ஆட்டிக்கொண்டு போக வேண்டும். கை மணிக்கட்டு வலிக்கிறது, ஏசி குளிர் முதுகில் இறங்குகிறது, இந்த நாற்காலியின் ஒரு காலுக்குக் கீழே அட்டை வைத்தது யாரோ, அந்த அட்டையும் தேய்ந்துபோய் நான் மூச்சு விட்டால் ஆடுகிறது.

பதினோராவது அவர். தொட்டேன். ஒரு முகத்தைத் தொட்டால் திரை முழுக்க அந்த முகமே வந்து நிறைந்துகொள்ளும், மற்றதெல்லாம் ஓரத்தில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிப்போகும், அப்படித்தான் இதை அமைத்திருக்கிறார்கள், நம் கண் அலையக்கூடாது என்று. சாதாரண முகம். நரைத்த மீசை, கன்னத்தில் சவரம் செய்யும்போது கீறின சின்னக் காயம். ஓடவிட்டேன். படியைப் பார்த்து ஏறுகிறார், சின்னப் பெண் முந்திக்கொண்டு ஓடுகிறாள், இவர் ஒதுங்கி வழிவிடுகிறார், விட்டுவிட்டு லேசாகச் சிரிக்கிறார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சிரிக்கிற சிரிப்பு, அதில் ஒரு பல் கோணல். நல்லது, இது போதும் அந்த அம்மாவுக்கு என்று நினைத்தேன், சந்தோஷமாகக்கூட இருந்தது, வருஷக் கணக்கில் ஊர் முகத்தையெல்லாம் அழித்துக்கொண்டிருந்ததற்கு ஒரே ஒரு முகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று. முப்பத்தெட்டாவது விநாடியில் அவர் நின்றார். ஏன் நிற்கிறார்? தோள் ஒரு பக்கமாகச் சாய்கிறது, கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கிறார் போலிருக்கிறது, முகம் சுருங்குகிறது, உதட்டை அழுத்திக்கொள்கிறார், ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு, பிறகு கண்ணை உயர்த்தி மேலே பார்க்கிறார். நேராக என்னை. கேமராவை இல்லை, கேமராவுக்குக் கீழே, அந்த அம்மா ஏறிப் போய்க்கொண்டிருந்த பக்கம். வாயைத் திறக்கிறார், கூப்பிடத்தான், பிறகு மூடிக்கொள்கிறார். திரையின் கீழ் விளிம்பில் நான்கு விரல் நுனி வந்து தெரிகிறது, கையை உயர்த்தியிருக்கிறார், ஒரு விநாடி, பிறகு அதுவும் கீழே போய்விடுகிறது. நாற்பத்தேழு. முடிந்தது.

எத்தனை தடவை ஓடவிட்டேன் அந்த ஒன்பது விநாடியை? இருபது, முப்பது? ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தேனா? சாயங்காலம் வரப்போகிற வலி காலையிலேயே படிக்கட்டில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. இந்த மனிதர் அதோடு நின்று பெண்டாட்டியின் முதுகைப் பார்த்து, கூப்பிடலாமா என்று யோசித்து, கை நீட்டி, சரி வேண்டாம், அவளுக்கு வேலைக்கு நேரமாகிறது என்று விட்டிருக்கிறார். அந்த அம்மா ரயிலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறார், ஒன்றும் தெரியாமல். இதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கவா? இந்தாங்கம்மா, நீங்க கேட்ட பதிவு, உங்க வீட்டுக்காரர் வலியில் உங்களைத் தேடினதையும் நீங்கள் பாட்டுக்குப் போனதையும் அரசாங்கம் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று? ஆயுசுக்கும் அந்த ஒன்பது விநாடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், நான் கால் மணி நேரத்திலேயே முப்பது தடவை பார்த்துவிட்டேன், எனக்கு அவர் யாரோ. விதிப்படி மறைத்துவிடலாம், மறைத்தால் வலி தெரியாது, சிரிப்பும் தெரியாது. மறைக்காமல் விட்டால் இரண்டும் தெரியும். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது, அதற்கு வேறு மருந்து விட்ட கண் எரிந்து தொலைத்தது. மணி நாலரை. பதிவை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று வெட்டுவதும் என் கையில்தான் இருக்கிறது. விண்ணப்பதாரர் வெளியேறும்வரை என்பது விதி, யார் அளந்து பார்க்கப் போகிறார்கள். முப்பத்தெட்டில் வெட்டினேன். அந்த அம்மா ஏறுகிறார், பின்னால் அவர் ஏறுகிறார், சின்னப் பெண் ஓடுகிறாள், அவர் சிரிக்கிறார், முடிந்தது. யார் கேட்டாலும் நல்ல முடிவு என்றுதான் சொல்வார்கள்.

முகத்தை மறைக்காமல் வெளியே அனுப்ப வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும், மூன்று காரணம்தான் வைத்திருக்கிறது: ஒப்புதல் உண்டு, மனித முகம் அல்ல, விளம்பரப் படம். ஒப்புதல் என்று குறித்தால் கடிதத்தின் எண்ணைக் கேட்கும். மனித முகம் அல்ல என்பது நாய்க்கும் கடிகாரத்துக்கும். எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் விளம்பரப் படம் என்று குறித்தேன். சுவரில் ஒட்டின சோப்புக்காரி படத்துக்கு நாங்கள் போடுகிற குறி, முப்பது நாளைக்கு முன்னால் படியேறிப்போன ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு. மன்னிச்சுக்குங்க என்று வாய்விட்டே சொன்னேன், அறையில் யாருமில்லை. நாலு ஐம்பதுக்குக் கோப்பை முடித்து அனுப்பினேன், ஐந்து மணிக்குத் திரையின் மூலையில் வழக்கமான வரி வந்தது, முப்பது நாள் நிறைவு பெற்ற பதிவுகள் அழிக்கப்பட்டன, தினமும் வருகிற வரிதான், தினமும் அதைப் பார்த்தால்தான் நான் பையை எடுப்பேன். இன்றைக்கு எடுக்க முடியாது. நாலே முக்காலுக்கு வரச் சொன்ன அம்மா இன்னும் வரவில்லை.

ஐந்து பத்துக்கு வந்தார், கடையில் ஆள் மாற்ற நேரமாகிவிட்டது, கோவிச்சுக்காதீங்க மேடம் என்று. பார்வை அறைக்குக் கூட்டிப்போனேன், ஒரு தடவை இங்கேயே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் விதி. ஒரு பெஞ்சு, ஒரு திரை, ஜன்னலில்லாத அறை. ஓடவிட்டேன். இதோ இப்போது புருஷன் முகத்தைப் பார்க்கப் போகிறார், அது மறைக்கப்படவில்லை என்று புரியப் போகிறது, என்ன செய்வார், அழுவாரா, என் கையைப் பிடித்துக்கொள்வாரா, கையைப் பிடித்தால் நான் என்ன சொல்வது. ஒன்றும் நடக்கவில்லை. அந்த அம்மா முன்னால் குனிந்து திரையின் கீழ்ப்பக்கத்தில் தான் ஏறி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார், நீலச் சட்டை சிரித்தது மேல்பக்கத்தில், அங்கே அவர் கண் போகவே இல்லை. படம் நின்றது. 'அவ்வளவுதானா மேடம்?' என்றார். 'அவ்வளவுதாம்மா.' 'நான் மேல ஏறி முடிக்கிற வரைக்கும் இருக்கும்னு கீழ சொன்னாங்களே.' 'கடைசில கொஞ்சம்... கெட்டுப்போச்சும்மா.' பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, நாளெல்லாம் மறைத்துப் பழகினவளுக்கு. 'உங்க வீட்டுக்காரர் முகம் தெரியுதே, பார்த்தீங்களா, நான் மறைக்கல' என்று நானே எடுத்துக் கொடுத்தேன், வெட்கம் கெட்டு. 'பார்த்தேன் மேடம், ரொம்ப நன்றி' என்றார் மரியாதைக்கு. அப்புறம் பையின் வாரைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அவர் முகம் எனக்குக் கண்ணை மூடினா வரும் மேடம், அதுக்கு கேமரா வேணாம் என்றார். அன்னிக்குக் காலைல வீட்ல ஒரு சின்னப் பேச்சு, ஒன்னுமில்ல, ஒரு பல்பு மாத்தல, நாலு நாளா சொல்றேன், ஊரு பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்றீங்க வீட்ல ஒரு பல்பு மாட்ட முடியலையான்னு கேட்டேன். அந்தக் கோவத்துலதான் விறுவிறுன்னு ஏறிட்டேன். மேல போய்த் திரும்பிப் பார்த்த மாதிரி ஒரு ஞாபகம். அவர் கீழ நின்னுக்கிட்டு, நீ போ நான் வரேன்னு கையைக் காட்டின மாதிரி. ஆனா அது அன்னிக்கா, வேற என்னிக்காவதான்னு தெரியல மேடம், இருபத்தாறு வருஷமா அதே படி, அதே ரயில், எத்தனையோ நாள் திரும்பிப் பார்த்திருக்கேன், எத்தனையோ நாள் கைகாட்டியிருக்காரு. அன்னிக்குத் திரும்பினேனா? அதை மட்டும் பார்த்துட்டா போதும்னுதான் வந்தேன். 'நீங்கதான் முழுசாப் பார்த்திருப்பீங்களே மேடம். நான் திரும்பினேனா?'

திரும்பினாரா? முப்பது தடவை பார்த்தேனே, ஓரத்தில் தபால்தலை அளவுக்கு அவரும் இருந்தாரே, பச்சைக் கட்டம் ஒன்று இருந்தது, அதற்குள் தோள் இருந்ததா, கன்னம் இருந்ததா, எதுவும் வரவில்லை, எவ்வளவு முட்டிப் பார்த்தாலும் அந்த மீசையும் சவரக் காயமும் மட்டும்தான் வருகிறது. வாயைத் திறந்து மூடினாரே, அது கூப்பிட நினைத்து விட்டதா, இல்லை, நீ போ என்று சொல்லியே முடித்துவிட்டதா? அவர் மேலே பார்த்தது முதுகையா, முகத்தையா? நான் எந்த தைரியத்தில் முதுகு என்று முடிவு கட்டினேன்? 'கையைக் காட்டினாரும்மா' என்றேன், இது பொய்யில்லை, 'கடைசில கையைத் தூக்கினாரு, நான் பார்த்தேன்.' அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'போன்னுதானே மேடம் காட்டினாரு?' நான்கு விரல் நுனி. உள்ளங்கை எந்தப் பக்கம் இருந்தது? வா என்று அழைக்கிற கைக்கும் போ என்று அனுப்புகிற கைக்கும் நுனியில் என்ன வித்தியாசம் தெரியும்? எழுந்து ஓடிப்போய் அந்த ஒன்பது விநாடியை எடுத்து வரலாமென்று ஒரு கணம் காலே நகர்ந்தது, மணி ஐந்து இருபத்தைந்து.

'அப்ப சரி மேடம்' என்று சொல்லிவிட்டு எழுந்து, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார், அவர் படியிறங்குகிற சத்தமும் அடங்கிவிட்டது, நான் இன்னும் இந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறேன். தலையை ஆட்டினேனா நான்? ஆட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஏன் அப்ப சரி என்கிறார். இல்லை, நான் ஒன்றும் சொல்லாமல் முழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான், இவளிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அந்த அப்ப சரியா? அதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது? பக்கத்திலேயே இருந்தேனே, இரண்டடி தூரத்தில், பார்த்தேனா இல்லையா? இந்த அறையின் மூலையிலும் ஒரு கேமரா சிவப்பாக எரிந்துகொண்டிருக்கிறது, எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும், முப்பது நாளைக்கு இருக்கும். நானும் ஒரு விண்ணப்பம் போடலாம், ஊழியர்கள் போடக்கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. கொடுப்பார்கள். என் முகம் மட்டும் தெரியும், அந்த அம்மாவின் முகத்தை ஜன்னலோரத்து மேசைக்காரி சுத்தமாக மறைத்துக் கொடுத்துவிடுவாள்.